புளி போட்டுத் தேய்த்த தகடு

4816

1

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது மீனா போன் செய்தாள். மீனா என் ஒரே மகள். பதினேழு வயது. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில், எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மேடுகூட இல்லாத சின்ன ஊரில் நாங்கள் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிறோம். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவளை இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? மலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எனக்கு வழி தெரியும். இங்கே இன்றைக்கும் பஸ் டிரைவரிடம் கேட்டுத்தான் இறங்குகிறேன்.

சனிக்கிழமையானால் இவள் வயதுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். இவள் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குப் போகிறாள். அங்கே ஐந்தாறு கிழவர்கள் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரில் பறந்த சண்டை விமானம் ஒன்றைப் பல வருஷமாகத் துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹரிக்கேன் என்று பேர். சம்பளம் கிடையாது. நகக்கண் நிறைய கிரீஸ்தான் வரும்படி. அந்தக் கையோடு என் மிக்ஸியைத் தொடாதே என்று வாரா வாரம் கத்துகிறேன்.

"அம்மா, தாத்தாவோட பிளேட்ல என்ன நம்பர் இருக்கு?" என்று கேட்டாள்.

தாத்தாவின் பிளேட் என்றால் சோறு தின்கிற தட்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு விமானத்திலும் நம்பர் வெட்டி இப்படி ஒரு தகடு அடித்திருப்பார்களாம். என் அப்பா வைத்திருந்தது அது. அவர் போன பிறகு இங்கே என் சாமி அலமாரிக்கு வந்தது. கொட்டகையில் தலையணை தண்டிக்கு ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறதாம். எந்த விமானம் எங்கே போனது, கடைசியில் என்ன ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நம்பரைச் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் தாத்தாவின் விமானத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தகடு பளபளவென்று இருந்தது. என் மூக்குத்தி தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

"தேஞ்சுபோச்சுடி."

"மெட்டல் எப்படிம்மா தேயும்?"

சொன்னேன். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு என் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள், அவளுக்கு அப்புறம் நான் தேய்க்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் மீனா அதை இங்கிலீஷில் யாருக்கோ எடுத்துச் சொல்வது கேட்டது. ஒரு கிழவர், பல்லில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டார். போனை வைத்துவிட்டேன். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. சாயங்காலம் என் கணவர் வாய் திறக்காமல் சாப்பிட்டதில் தெரிந்துகொண்டேன்.

2

அப்பா பேர் கோவிந்தசாமி. பத்தொன்பது வயதில் வெள்ளைக்காரன் விமானப்படையில் சேர்ந்தவர். பைலட் இல்லை, ஃபிட்டர். பர்மா எல்லையில், சேற்றில் மூங்கில் பாயை விரித்து அதன்மேல் விமானம் இறங்குகிற இடத்தில், ஒரே ஒரு ஹரிக்கேனை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டது தான்தான் என்பார். போர் முடிந்ததும் ஊருக்கு வந்து ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்த அப்பா அந்த பஸ் மெக்கானிக்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். இரண்டு நாளைக்கு வீட்டுக்கு வரமாட்டார். வந்தால் கண்ணு மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருவே அவரை அரிக்கேன் கோவிந்தசாமி என்றுதான் சொல்லும். பாதிப் பேர் அவர் விளக்கு ரிப்பேர் செய்கிறவர் என்று நினைத்து, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் கோபப்படாமல் சரிசெய்து கொடுப்பார். மலைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போனால், சாப்பிடுகிற கையோடு வாசலுக்கு ஓடுவார். தலையைத் தூக்கமாட்டார். காதைத்தான் திருப்புவார்.

ஆயுதபூஜை அம்மாவின் ராஜ்யம். ஸ்பேனர் செட், அரிவாள்மனை, தையல் மிஷின், என் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தகடு. முதல் நாளே புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுவாள். நம்பர் போய்விடும் என்று அப்பா ஆரம்பத்தில் கத்திப் பார்த்தாராம்.

"கறுத்துப்போன சாமானை யாராச்சும் சாமி முன்னாடி வெப்பாங்களா? நம்பர் போனா போவுது, லட்சணமா இருக்குதா இல்லியா?" என்பது அம்மாவின் கட்சி.

தேய்த்த இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க மறுபடியும் தேய்ப்பு. அப்பா ஒரு வருஷம் பொறுக்கமாட்டாமல், தகட்டைத் தேக்குப் பலகையில் வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கிவிட்டார். "ஒரு பக்கமாச்சும் பொழைக்கட்டும்" என்றார். நாங்கள் சிரித்தோம். அம்மா பலகையையும் சேர்த்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆறாவது படிக்கும்போது, என் அப்பா ஏரோப்ளேன் மெக்கானிக் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். நிரூபி என்றார்கள். மறுநாள் பலகையோடு தகட்டைப் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதே அதில் எழுத்து மங்கிப்போய், என்னவோ கீறல் மாதிரிதான் இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பெண் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கதவுல பேர் எழுதி மாட்டுற தகடுடி" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அப்பாவின் விமானத்தில் நம்பிக்கை போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தகட்டில் இல்லாவிட்டால் என்ன, நம்பர் எனக்குத் தெரியும் என்று சொல்லவும் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. எல்லா அப்பாக்களும் ஏதாவது ஒரு கதை வைத்திருப்பார்கள், என் அப்பாவின் கதை இது என்று முடிவுகட்டிவிட்டேன். பதினோரு வயதில் எடுத்த முடிவு. அதை மாற்றிக்கொள்ள எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

3

எண்பத்தொன்பதில் என் கணவருக்கு இங்கே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. மீனாவுக்கு அப்போது இரண்டு வயது. புறப்படுகிற அன்றைக்கு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே இன்னும் ஒன்றிரண்டு ஹரிக்கேன் பறக்கிறதாம், பத்திரிகையில் படித்தேன், ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டும்மா என்றார். ஆகட்டும்பா என்றேன். அந்த நேரத்தில் அவர் நிலாவைக் கேட்டிருந்தாலும் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாதம் ஒரு கடிதம் போடுவார். தலையில் எல்லாரும் பிள்ளையார் சுழி போடுவார்கள் இல்லையா, அந்த இடத்தில் அப்பா ஒரு நம்பர் எழுதுவார். பஸ் கம்பெனியில் அவருடைய டோக்கன் நம்பர், பழக்கதோஷத்தில் எழுதுகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அம்மா இருந்தவரைக்கும் பக்கத்திலேயே தன் கையால் ஒரு சுழி போட்டு அனுப்புவாள். தொண்ணூற்று மூன்றில் அம்மா போன பிறகு நம்பர் மட்டும் வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அப்பாவை விசாவுக்கு மனுப் போட வைத்தேன். ஸ்பான்சர் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம் என்று ஒரு கட்டு அனுப்பினேன். எதற்காகப் போகிறீர்கள் என்ற கட்டத்தில் அப்பா, ஹரிக்கேன் விமானம் பார்க்க என்று எழுதிவிட்டார். மெட்ராஸில் இன்டர்வியூ. விமானப்படையில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கரையான் தின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. தகட்டைப் பலகையோடு எடுத்துப் போயிருந்தார். உலோகச் சாமான் உள்ளே வரக்கூடாது என்று காவல்காரர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். விசா இல்லை என்றுவிட்டார்கள்.

போனில் நான் அவரைத் திட்டினேன். எழுபது வயது தாண்டிய மனுஷரை, பிள்ளையைத் திட்டுவது மாதிரி. "பேத்தியைப் பார்க்கன்னு எழுதக்கூடாதாப்பா? அங்க போய் பிளேன் கதையை எதுக்கு அளந்தீங்க?" என்றேன்.

"கேட்டாங்கம்மா. உள்ளதைச் சொன்னேன்" என்றார்.

அடுத்த தடவை பேத்தியைப் பார்க்க என்று எழுதினார். விசா கிடைத்தது.

4

தொண்ணூற்றைந்து கோடையில் வந்தார். மூன்று மாதம் இருந்தார். மீனாவுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய தமிழைப் பற்றி ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தாத்தா வந்துச்சு, தாத்தா சாப்பிட்டுச்சு என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தார், சாப்பிட்டார் என்று திருத்துவேன். அப்பா, "வுடும்மா, தாத்தாவும் ஒரு மெஷின்தான்" என்பார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இருந்தது. பிளாஸ்டிக் ஹரிக்கேன் ஒன்று வாங்கி, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒட்டினார்கள். எய்லரான், ரட்டர், ராடியேட்டர் என்று என் அப்பாவின் வாயிலிருந்து விமானப்படை இங்கிலீஷ் கொட்டியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்க வாய்ப்பில்லாமல் இல்லை, நான்தான் கேட்டதில்லை. போர் முடிந்ததும் விமானங்களை உடைத்துப்போடச் சொல்லி உத்தரவு வந்ததை அந்த மேசையில்தான் சொன்னார். "நானே கோடாலி எடுத்து ஒடைச்சேன். தகட்டை மட்டும் கழட்டிக்கினு வந்துட்டேன்" என்றார். நான் காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டினேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமானத்தளம் உண்டு. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போர்க்கால விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். வந்த அன்றே அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் கணவரின் மேலதிகாரி, மெட்ராஸ்காரர், எங்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டார்.

அதைத்தான் இத்தனை நாளும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சாப்பாட்டை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த மனுஷர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். உண்மை என்னவென்றால், அப்பா தகட்டைத் துண்டில் சுற்றிப் பையில் எடுத்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அங்கே மெடல் குத்திய கோட்டோடு வெள்ளைக்காரக் கிழவர்கள் வருவார்கள். இவர் குரங்குக் குல்லாவும் என் கணவரின் ஸ்வெட்டருமாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, என் விமானம் சார் என்று வழவழவென்ற ஒரு பித்தளையை நீட்டுவார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. என் அப்பாவை நினைத்து நான் வெட்கப்பட்டேன். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோச்சாம்பா" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார். "கூட்டம் ஜாஸ்தி போல. பரவால்லம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் விருந்துக்கு வரவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். மீனாவும் தாத்தாவோடு இருந்துவிட்டாள். நாலு மணிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் பின்பக்கப் புல்லில் மல்லாந்து படுத்துக்கிடந்தார்கள். வானம் முழுக்க சாம்பல் மேகம். மீனா ஓடிவந்து, "அம்மா, தாத்தா ஹரிக்கேன் கேட்டுச்சு" என்றாள்.

அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "மேகம் மறைச்சுடுச்சும்மா. நேரா தலைக்கு மேல போச்சு. சத்தம் அதேதான்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மழை வரப்போகிறது, உள்ளே வாருங்கள் என்றேன்.

செப்டம்பரில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றெட்டில் காலமானார். அந்த மூன்று வருஷக் கடிதங்களில் ஒன்றில்கூட அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வரி கிடையாது. காரியத்துக்குப் போனவள் திரும்பும்போது தகட்டை எடுத்துவந்தேன். எடுத்துவந்து என்ன செய்தேன்? அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு, இங்கே இந்தியக் கடையில் புளி வாங்கி, அம்மா மாதிரியே உட்கார்ந்து தேய்த்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் மரியாதை செய்வதாக நினைப்பு. மிச்சம் மீதி ஏதாவது இருந்திருந்தால் அதையும் நானே முடித்துவைத்திருப்பேன்.

5

போன் வந்த அன்று சாயங்காலம் மீனா வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். செருப்பைக் கழற்று என்று நான் சொல்வதற்குள் அவளே கழற்றினாள்.

"பின்னாடி பாத்தியாம்மா?"

"பின்னாடி பலகைதான்டி இருக்கு."

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்தாள். நாலு ஸ்க்ரூவும் துருவேறி இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். எதற்கும் இரண்டு நிமிஷம் பொறுக்காத பெண் அரைமணி நேரம் அசையவில்லை. நான் அவசரப்பட்டேன்.

"ஸ்க்ரூவை அவசரப்படுத்தக்கூடாது. தாத்தா சொல்லிச்சு" என்றாள். இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

தகடு கழன்று வந்தது. பின்பக்கம் களிம்பேறி ஒரே பச்சையும் கறுப்புமாக இருந்தது. புளி அந்தப் பக்கம் போகவே இல்லை. முன்னால் நம்பர் வெட்டும்போது விழுந்த அடி, பின்னால் மேடு மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. நாலு எண், எல்லாம் இடம் வலம் மாறி. மீனா விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் குளியலறைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். நான் பின்னால் நின்று அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

நாலு, எட்டு, ஒன்று, ஆறு.

எங்கேயோ பார்த்த நம்பர். எங்கே என்று தெரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. மாடிக்குப் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அப்பாவின் கடிதங்களைக் கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றின் தலையிலும் அதே நம்பர். 4816. சிலதில் பக்கத்தில் அம்மாவின் சுழி. ஒன்பது வருஷம், மாதா மாதம், தகட்டில் அழிந்துபோனதை அவர் எனக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். இது என்னப்பா நம்பர் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பழைய டோக்கன் என்று ஒதுக்கிவிட்டு, கீழே மழை பெய்ததா, யாருக்குக் கல்யாணம் என்று படித்தேன்.

மீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொன்னேன். அன்றைக்கு டிக்கெட் தீரவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தாத்தா டெய்லி நியூஸ்பேப்பர் படிக்கும்ல? அதுல போட்டிருந்தது, டிக்கெட் கேட்லயே தருவாங்கன்னு. எனக்குக் காட்டுச்சு. அம்மாகிட்ட சொல்லக்கூடாது, அம்மாவுக்கு நிறைய வேலைன்னு சொல்லிச்சு."

எட்டு வயதில் வாங்கிய சத்தியத்தை இந்தப் பெண் ஒன்பது வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் கிரீஸ் கையோடு என் முதுகைத் தடவினாள். ரவிக்கையில் கறை பட்டது. இன்னும் போகவில்லை.

6

அடுத்த சனிக்கிழமை மீனா ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். பதிவுப் புத்தகத்தில் 4816-க்கு எதிரே இருந்த வரியை எழுதி வந்திருந்தாள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பர்மா எல்லை. போர் முடிந்ததும் அங்கேயே உடைக்கப்பட்டது. யார் உடைத்தது என்று அதில் இல்லை. எங்களுக்குத் தெரியும்.

கொட்டகைக் கிழவர்கள் தகட்டை வாங்கிப் பார்த்து, அப்பாவின் பேரைக் கேட்டார்களாம். மீனா சொன்னாளாம். ஒருவர் கோவிந்தசாமி என்று நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டு, சுவரில் எழுதி வைத்திருக்கும் பேர்களுக்குக் கீழே எழுதினாராம். யாரும் சிரிக்கவில்லையாம். இதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

போன வாரம் ஆயுதபூஜை வந்தது. தகட்டைக் குப்புற வைத்தேன், களிம்புப் பக்கம் மேலே. சந்தனம் வைக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் லட்சணமா இது என்று கேட்டிருப்பாள். அவள் கேட்கட்டும். இந்தக் குறிப்பின் தலையில் சுழிக்குப் பதிலாக நான் எழுதியிருப்பதும் அந்த நம்பர்தான்.

பூஜை முடிந்து சுண்டல் தின்றுகொண்டே, அடுத்த கோடையில் எங்க ஹரிக்கேன் பறக்கும் என்றாள் மீனா. அதே விமானத்தளத்தில், அதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"நீயும் வர்றியாம்மா?"

"வர்றேன். டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

மீனா சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்லயே தருவாங்கம்மா" என்றாள்.